பையோடு நட்ட மரம்

புதிய அடுக்குமாடிக் கட்டடத்தின் ஜெனரேட்டர் தெருவிலிருந்து தெரியாதபடி மரம் வைத்து மறைக்க வேண்டும் என்பது விதி. அதனால் ஆளுயர நெட்டிலிங்கக் கன்று ஒன்றை நர்சரியிலிருந்து வாடகைக்குக் கொண்டுவந்து, கறுப்புப் பையோடு குழியில் இறக்கி, மேலே மண்ணைத் தள்ளினார்கள்.

"புதுசா?" என்றது ஜெனரேட்டர்.

"எனக்கு இது நாலாவது கட்டடம், அண்ணே. அதிகாரி பார்த்துட்டுப் போனதும் தூக்கிடுவாங்க. பைக்குள்ள வேர் சுத்திச் சுத்தி மூச்சு முட்டுது. இன்னொரு தடவை தாங்க மாட்டேன்."

"என்னை மறைக்க வந்துட்டு என்கிட்டயே அழுவுறியா?"

அதிகாரி வருவது தள்ளிக்கொண்டே போனது. கரண்ட் போனபோதெல்லாம் ஜெனரேட்டர் ஓடியது, தரை அதிர்ந்தது.

"கொஞ்சம் மெதுவா, அண்ணே!"

"மெதுவா ஓட எனக்குத் தெரியாதுடா."

ஊர் ஊராய்ப் போய் நைந்திருந்த பை அந்த ஆட்டத்தில் அடியில் கிழிந்தது. கன்றின் வேர் முதன்முதலாக ஈரமண்ணைத் தொட்டது.

ஒருவழியாக அதிகாரி வந்தார், பார்த்தார், தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாளே நர்சரி ஆள் வந்து பையின் விளிம்பைப் பிடித்து இழுத்தான். கந்தலான பை மட்டும் கையோடு வந்தது. கன்று அசையவில்லை.

"இது வேர் பிடிச்சுக்கிச்சு. இனி பிடுங்கினா செத்துரும்" என்று அவன் வண்டி ஏறினான்.

"அண்ணே, உங்க ஆட்டம்தான் பையைக் கிழிச்சுது" என்றது கன்று.

"அதுக்குத்தான்டா எல்லாரும் என்னைத் திட்டுறாங்க."

அன்று மாலை மறுபடியும் கரண்ட் போனது. ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியதும் மாடிகளில் சன்னல்களைப் படார் படாரென்று சாத்தினார்கள். கன்று மட்டும் அந்தச் சத்தத்தை நுனியிலை முதல் அடிவேர்வரை வாங்கிக்கொண்டு நின்றது.