தலைவரின் வேட்டி

இதனால் சகல பொதுமக்களுக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், மாவட்டத் தலைவர் வெற்றிச்செழியனின் காய்ச்சலை ஆறு மருத்துவர்கள் அல்லும் பகலும் ஆராய்ந்துவருகிறார்கள் என்பதே. எட்டு நாளாகியும் எந்தப் பரிசோதனையிலும் பிடிபடவில்லை. சிறுநீரகமும் தளரத் தொடங்கியிருந்தது. அறுவரும் அவரைச் சோதித்ததெல்லாம் வேட்டிக்கு மேலாகத்தான், மரியாதை கருதி. ஒன்பதாம் நாள் உடம்பு துடைக்க வந்த நர்ஸ் அமலோற்பவம் அந்த வேட்டியை அவிழ்த்தார்.

"சிஸ்டர், அண்ணன் வேட்டியிலயே கை வைக்கிறீங்களே?" என்று பதறினார் ஒன்றியச் செயலாளர்.

"காய்ச்சல் அண்ணனுக்கா, வேட்டிக்கா?"

சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு நர்ஸின் கண்ணில் பட்டது.

"ஐயா, புதர்ல எங்கயாவது உக்காந்தீங்களா?"

"மரம் நடு விழாவுல," என்று முனகினார் தலைவர். "போட்டோவுக்காக."

"உண்ணிக் காய்ச்சல்யா இது. புதர்ல இருக்கிற பொடிப்பூச்சி கடிச்சு வர்றது. டாக்டர்கிட்ட சொல்றேன், மாத்திரை இருக்கு."

இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கியது. மக்கள் பணியில் தலைவர் விழுப்புண் பெற்றார் என்று ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டினார்கள்.

புண் இருந்த இடம் பிட்டம்.