பிரசாத் கொடுத்த கார்டு

"பழசைப் புதுசுன்னு என் தலையில கட்டிட்டியேடா!" என்று ஸ்ரீநாத் கத்தியது தெருமுனை வரை கேட்டிருக்கும்.

ஸ்கூட்டர் சாவியும் கையுமாக எதிரே நின்றான் பிரசாத். போன் வந்ததுமே பட்டினப்பாக்கத்திலிருந்து ஓடிவந்திருந்தான். பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகம். தை பிறந்ததும் இருவரும் சேர்ந்து நந்தனத்தில் கம்ப்யூட்டர் கடை போடுவதாக இருந்தது.

"இன்னா மச்சி, புது கிராபிக்ஸ் கார்டு மச்சி அது."

"நீயே பாரு!"

ஸ்ரீநாத் சுவிட்சைத் தட்டினான். அவனுடைய பழைய கம்ப்யூட்டர் கீச் கீச்சென்று கத்தியது. நெற்றியில் நேற்றைய சரஸ்வதி பூஜைக் குங்குமத்தோடு மானிட்டர் இருட்டாகவே இருந்தது.

பூஜையன்று எதையும் தொடக்கூடாது என்று காத்திருந்து, இன்று காலையில்தான் மாட்ட உட்கார்ந்தான். கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி விரலெல்லாம் கீறல். பழைய கார்டைப் போட்டால் படம் வருகிறது, புதியதைப் போட்டால் ஒன்றுமில்லை. எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

"ஸ்லாட்டுல நல்லா உக்காந்துச்சா?"

"எனக்கே சொல்லித் தரியா?" சுவிட்சை அணைத்து, கார்டைப் பிடுங்கி நீட்டினான். "பெட்டியைத் தொறக்கறச்சயே ஸ்டிக்கர் பிரிஞ்சிருந்தது. ஸ்லாட்டுக்குள்ள போற தங்கப் பல்லைப் பாரு, எப்படி மங்கிக் கெடக்கு! யாரோ போட்டுக் கழட்டினது."

பிரசாத் கார்டைப் பார்க்கவில்லை. நண்பனின் முகத்தையே பார்த்தான்.

"சீல் பிரிக்காம உன் கையிலதானே குடுத்தேன் நைனா? என் மேலயே சந்தேகமா?"

"சந்தேகம் என்ன, நிச்சயமாத்தான் சொல்றேன். நீ ஏமாத்திட்டே."

பிரசாத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கார்டை வாங்கிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டான்.

"உன் துட்டு வூடு தேடி வரும். கடையும் வேணாம், உன் சாவகாசமும் வேணாம்."

ஸ்கூட்டர் சீறிக்கொண்டு போன பிறகுதான் அம்மா இரண்டு டம்ளர் காபியோடு வந்தாள்.

"பிரசாத் எங்கடா?"

"கார்டைத் திருப்பிக் குடுத்து அனுப்பிச்சுட்டேன்."

அம்மா பதறிப்போனாள்.

"அச்சச்சோ, பூஜையில பெட்டியைப் பிரிச்சு அந்தத் தங்கப் பல்லுக்கெல்லாம் சந்தனம் இட்டிருந்தேனே, தொடைச்சுட்டுக் குடுத்தியோ?"