அன்னம் போட்ட தட்டி

நெசவு தெரிந்தவனுக்கு இந்த உலகத்தில் புதிதாகக் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை என்று அப்பா அறிவித்தார்.

அறிவிக்கும்போது ஸ்டூல் மேல் நின்றிருந்தார். முன்னால், எங்கள் வீட்டுக்கும் ஈஸ்வர் வீட்டுக்கும் நடுவே, லாரித் தார்ப்பாய் சுற்றிய ஆறடித் தட்டி நின்றது. அவர் வாழ்நாளில் செய்த முதல் தட்டி. காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடிப்பதற்கே ஆள் கூப்பிடுகிற குடும்பம் எங்களுடையது.

தட்டிக்குக் காரணம் ஈஸ்வர்.

நாலு வருடத்துக்கு முன் தன் மகள் கல்யாணத்துக்கு அவர் பதினேழு பட்டுச்சேலைகள் எடுத்தார். காஞ்சிபுரம் போய் எடுத்தார். ராசிபுரத்தில், இருபது வருடம் பட்டு நெய்துவிட்டு இப்போது பட்டு விற்கிற குழந்தைவேலின், அதாவது என் அப்பாவின், பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு.

அன்றிலிருந்து அப்பா அந்தப் பக்கம் பேசுவதில்லை. பார்ப்பதும் இல்லை. வாசலில் உட்காரும்போதெல்லாம் முகத்தை எதிர்ப்பக்கமே திருப்பி வைத்திருந்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. டாக்டர் தைலம் எழுதிக் கொடுத்தார். அப்பா தட்டி என்று முடிவு செய்தார்.

அம்மாவுக்கு இந்தப் பகையெல்லாம் கிடையாது. சாயங்காலமானால் ஈஸ்வர் மனைவி பூவாத்தாளோடு ஒரு டம்ளர் காபி. அம்மா கேட்டைத் திறக்கும்போதெல்லாம் அப்பா என்னிடம் சொல்வார், அவள் காதில் விழுகிற மாதிரி: "ஒரு டம்ளர் காப்பிக்கு மானத்த வித்துட்டுப் போறா பாரு சாமி."

தச்சரைக் கூப்பிடலாம் என்றேன். எப்படிச் செய்வதென்று போனில் வீடியோ இருக்கிறது என்றேன்.

அப்பா கட்டம் போட்ட தாளை எடுத்தார். முந்தானைக்கு டிசைன் போடுவது போலவே, ஒரு கட்டத்துக்கு ஒரு மரத்துண்டு. தொள்ளாயிரத்து அறுபது துண்டுகள். அரக்கிலும் மாம்பழ மஞ்சளிலும் பெயின்ட். வரிசையாக ஐந்து அன்னப்பட்சிகள்.

பின்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று வாரம் வேலை செய்தார். முடிந்ததும், கண் படக்கூடாது என்று, தட்டி தரையில் கிடந்தபடியே இருக்க, அதன் மேல் தார்ப்பாயைச் சுற்றினார்.

தூக்கி நிறுத்த வந்த மேஸ்திரி, எது உங்கள் பக்கம் என்று கேட்டார். அப்பா யோசிக்கவே இல்லை. "மேல இருக்கறதுதானுங்க நம்ம பக்கம்" என்றார்.

கால்களைச் சுற்றிக் கான்கிரீட் கொட்டினார்கள். அது நன்றாக இறுக வேண்டுமென்று பத்து நாள் தண்ணீர் ஊற்றினேன். நன்றாகவே இறுகியது.

இன்று திறப்பு விழா.

அப்பா கயிற்றை அவிழ்த்தார். தார்ப்பாய் இரண்டு பக்கமும் சரிந்தது.

அன்னம் இல்லை.

குறுக்கும் நெடுக்குமாக ரீப்பர் கட்டைகள் இருந்தன. ஸ்க்ரூ தலைகள் இருந்தன. வழிந்து காய்ந்த பசை, துண்டுக்குத் துண்டு பென்சிலில் போட்ட நம்பர். நாமக்கல் பக்கம் ஏதோ ஒரு கோழிப்பண்ணையிலிருந்து ஒரு பக்கத்தைப் பெயர்த்து வந்து நட்டது போலிருந்தது.

நான் என் நகங்களைப் பார்த்துக்கொண்டேன்.

தறியில் பட்டுச்சேலையின் நல்ல பக்கம் கீழேதான் இருக்கும். நெய்கிறவர் பார்ப்பது முழுக்கப் பின்பக்கம். அப்பா தட்டியையும் அப்படியே செய்திருக்கிறார்: பெயின்ட் அடித்த முகத்தைத் தரையில் கவிழ்த்து அடுக்கி, முதுகில் கட்டைகளை வைத்து முடுக்கியிருக்கிறார். இருபது வருடம் மேல் பக்கம்தான் அவர் பக்கம். மேஸ்திரி கேட்டதும் அதையே சொல்லிவிட்டார்.

அப்பா ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை. இறங்கினால் எங்களைப் பார்க்க வேண்டியிருக்கும்.

அப்போது தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. நாலு வருடத்தில் ஈஸ்வர் எங்கள் வீட்டைப் பார்த்துப் பேசிய முதல் பேச்சு.

"ஏனுங்ண்ணா, அஞ்சு அன்னமும் நடந்து வாராப்புல இருக்குதுங்க. இப்பேர்ப்பட்ட கைய பக்கத்து ஊட்டுல வெச்சுக்கிட்டு நான் காஞ்சிபுரத்துக்கு டீசலு போட்டுட்டுப் போயிருக்கேன் பாருங்க."

அப்பா கழுத்தைத் திருப்பினார். வலித்த மாதிரி தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து இறங்கி வந்து, யாரையும் குறிப்பிடாமல், "அந்தப் பக்கம் ஜாயின்ட்டு சரியா ஒக்காந்திருக்குதான்னு பாத்துட்டு வாரேன்" என்றார்.

ஜாயின்ட் பார்க்கச் சட்டை மாற்றிக்கொண்டு போனார். தலையும் சீவியிருந்தார்.

அம்மா தார்ப்பாயை மடிக்க ஆரம்பித்தாள். அவள் முகத்தில் எந்த ஆச்சரியமும் இல்லாததை அப்போதுதான் கவனித்தேன்.

"நட்ட அன்னைக்கே உனக்குத் தெரியுமாம்மா?"

"அந்தத் தறிக்கு இருவது வருசம் நூல் சுத்திக் குடுத்தவடா நானு. எனக்குத் தெரியாதா, மேல் பக்கம் எதுன்னு?"

"சொல்லியிருக்கலாம்ல?"

அம்மா தார்ப்பாயின் ஒரு முனையை என் கையில் கொடுத்து, நேராகப் பிடிக்கச் சொன்னாள்.

துண்டுகளுக்கு இடையிலிருந்த சந்து வழியே அந்தப் பக்கம் தெரிந்தது. ஈஸ்வர் தட்டியைப் பார்த்தாற்போல் இரண்டு நாற்காலி போட்டிருந்தார். அப்பா ஒன்றில் உட்கார்ந்து, மூன்றாவது அன்னத்தின் கழுத்தில் ஒரு கட்டம் கூடிப்போனதைக் கை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். ஈஸ்வர் பரவாயில்லை என்றார். அப்பா, இல்லை, கூடித்தான் போயிற்று என்றார்.

பூவாத்தாள் காபி கொண்டுவந்தார். அப்பா டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு ஒரு வாய் குடித்தார். சர்க்கரை போதுமா என்று பூவாத்தாள் கேட்டார்.

"போதுமுங்க" என்றார் அப்பா.

எங்கள் வீட்டுக் காபிக்கு அவர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் இதுவரை கேட்டதில்லை.