முதல் ஓவர்

திரை முழுக்க நீலம். நடுவில் ஒரே வரி.

இந்தச் சேனல் உங்கள் பேக்கில் இல்லை.

அவள் ரிமோட்டை உள்ளங்கையில் தட்டிவிட்டு மறுபடி அழுத்தினாள். அதே வரிதான்.

மகள் கலைமதி மும்பை அணிக்கு ஆடும் முதல் மேட்ச். அதற்காகத்தான் போன மாதமே தன் சீரியல் சேனலையும், படுக்கையில் கிடக்கும் கணவரின் பழைய பாட்டுச் சேனலையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, விளையாட்டுச் சேனல் வாங்கினாள்.

வாங்கிய அந்தச் சேனலில் இப்போது எவனோ கோல்ஃப் ஆடிக்கொண்டிருக்கிறான். மேட்ச் இந்த நீலத் திரைச் சேனலில்.

கேபிள்கார சுகுமார் போனில் சொன்னான்.

"இந்த வருசம் மேட்ச் காட்டுற ரைட்ஸ வேற கம்பெனி வாங்கிட்டான்க்கா. கோடி கோடியா குட்த்துக்கிறான். நம்ம தலைலதான கட்டுவான்."

புதுச் சேனல் தனியாக வராது. யாரும் பார்க்காத பத்துச் சேனலோடு சேர்த்துத்தான் வருமாம். அதன் விலை கணவரின் பத்து நாள் மாத்திரை. மொபைலிலும் அதே கம்பெனிதான். அங்கேயும் முதலில் காசு.

பெற்றவள் பார்க்கவும் காசு. நல்ல நியாயம்.

கீழ்வீட்டு ரெஜினா அந்தப் பேக் வைத்திருக்கிறாள். லிஃப்ட் இல்லாத ஹவுசிங் போர்டு. கையும் காலும் ஒரு பக்கம் விழுந்துபோன மனிதரை யார் தூக்கி இறக்குவது? அவரை விட்டுவிட்டுத் தான் மட்டும் போய்ப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை. கதவைத் திறந்து வையுங்கள், சத்தமாவது வரட்டும் என்று கேட்கப் போனாள்.

அந்த வீட்டில் பிளாக்கே கூடியிருந்தது. ரெஜினா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"தப்பா நெனக்காதக்கா. இன்னிக்கு எதுருல ஆடுறது நம்ம சென்னையாச்சே."

மேலே வந்து இதை அவரிடம் சொல்லவில்லை. கலைமதி தேர்வானபோது பேனர் கட்டிய பிளாக் இது. இன்றும் பிளாக் மகள் பக்கம்தான் என்ற நினைப்பிலேயே அவர் இருந்தார்.

மணி மூன்றரை. முதல் ஓவர் தனக்குத்தான் என்று மகள் காலையில் சொல்லியிருந்தாள்.

டிவி சத்தம் மேலே வரவில்லை. ஆட்கள் சத்தம் வந்தது.

ஓவென்று கத்தினார்கள்.

அவர் நல்ல கையில் ஒரு விரலை நீட்டினார். விக்கெட்டா என்று கண்ணால் கேட்டார்.

அவள் தலையாட்டினாள்.

மறுபடி கத்தல். விசில். இரண்டாவது விரல்.

அதற்கும் தலையாட்டினாள்.

மூன்றாவது விரல் நீண்டபோது அவர் வாய் ஒரு பக்கமாகச் சிரித்தது. அவளுக்குத் தெரியும். பிள்ளை போடும் பந்தையெல்லாம் அடிக்கிறார்கள்.

அப்புறம் பிளாக் மொத்தமும் ஒரே குரலில் "ச்சே" என்றது.

பிறகு சத்தமே இல்லை.

எடுத்துவிட்டாள். அவள் மகள் விக்கெட் எடுத்துவிட்டாள்.

சொல்ல வாயெடுத்தாள். நீட்டியபடியே இருந்த மூன்று விரல்களைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். கண் நிறைந்து வழிந்தது.

அவர் அந்த விரல்களாலேயே அவள் கையைத் தட்டிக் கொடுத்தார்.

"அழுவாத," என்றார் குழறலாக. "அட்த்த பால்ல எட்த்துருவா."