ஊசி இருக்கட்டும்

"காய்ச்சல் விட்டாச்சு, நல்லாச் சாப்பிடுறாரு. இனிமே அதே மருந்து மாத்திரையா போதும்மா" என்று மூன்றாவது தடவையாகச் சொன்னார் டாக்டரம்மா.

உறங்கும் கணவனின் கட்டிலை மறித்து நின்றாள் மனைவி. "நரம்புலயே ஏத்துங்க டாக்டர்."

"கை வீங்கிக் கிடக்கு, பாருங்க."

"இன்னொரு கை இருக்கே!"

டாக்டரம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "மாத்திரை வேலை செய்யாதுன்னு யாரு சொன்னாங்க உங்களுக்கு?"

மனைவி குரலைத் தாழ்த்தினாள். "செய்யும், தெரியும். இந்த ட்யூப் கட்டிப்போட்டிருக்கறதாலதான் மனுஷன் படுத்திருக்காரு. கழட்டினா நேரா லாரியில ஏறிடுவாரு. போன தடவை அப்படிப் போய்த்தான் ஸ்டியரிங் மேலயே மயங்கிட்டாரு."

டாக்டரம்மா கட்டிலருகே வந்தார்.

"லாரி சாவி எங்கே?"

"தலகாணிக்கு அடியில."

சாவியை மெல்ல உருவித் தன் பையில் போட்டுக்கொண்டார். "மாத்திரை முழுசும் முடிச்சிட்டு வந்து வாங்கிக்கட்டும்."

பிறகுதான் ஊசியைக் கழற்றினார்.