பாலத்தில் நிற்கிற வீரன்

"நாலு எபிசோட் லா! நாலு எபிசோடா அந்த ஆளு பாலத்துலேயே நிக்கிறான்!"

சிங்கப்பூர் தேக்காவின் சாப்பாட்டுக்கடை ஒன்றில் ஆதவன் மேசையைத் தட்டினான். கோப்பையில் தே தாரிக் தேநீர் தளும்பியது.

எதிரே உட்கார்ந்திருந்த இளமதி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே தீபாவளி விளக்குகள் ஒவ்வொரு வளைவாக எரியத் தொடங்கியிருந்தன. ஒருத்தன் உயிரைக் கொடுத்துப் பேசுகிறான், இந்தப் பெண் ஒரு 'உம்' கொட்டக் கூடாதா என்று பக்கத்து மேசைக்காரர்களுக்கே பரிதாபமாக இருந்திருக்கும்.

"கேக்குறியா இல்லியா?"

"ம்... பாலத்துல நிக்கிறான்."

"ஆங்! மாங்கா புத்தகத்துல ரெண்டே பக்கம். பாலத்தைத் தாண்டுறான், கதவைத் தட்டுறான், அந்தப் பொண்ணு திறக்குறா. முடிஞ்சுது. படிக்கும்போது எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு தெரியுமா? அதே படக்கதையை அனிமேயா எடுக்குறேன்னு ஜவ்வு மாதிரி இழுத்து வச்சிருக்கானுங்க. காத்து அடிக்குது. இலை விழுது. சின்ன வயசு ஃபிளாஷ்பேக். போன வாரம் பாத்ததையே மறுபடியும் போடுறான். கடைசியில கதவைத் தட்டக் கையைத் தூக்குறான்... பாட்டைப் போட்டு முடிச்சிடுறான்!"

"ஏன் அப்படி இழுக்குறாங்க?"

"பயம்தான், வேற என்ன? புத்தகம் இன்னும் எழுதி முடியல. வேகமாப் போனா அடுத்தது என்ன பண்றதுன்னு தெரியாது. அதான் நின்ன இடத்துலேயே நிக்கிறது."

இளமதிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது.

மேசையில் அவளுடைய நீல டப்பா இருந்தது. போன வாரம் இறால் சம்பால் வைத்து ஆதவன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பியது. அவன் அம்மா வசந்தகுமாரி அதைக் கழுவி, முறுக்கு நிரப்பித் திருப்பி அனுப்பியிருந்தார். வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரக் கூடாது என்பது அவர் வீட்டு வழக்கம். டப்பா யாருடையது என்று கேட்டால் "ஆபீஸ் ஃப்ரெண்ட்" என்று ஆதவன் சொல்லி வைத்திருக்கிறான். மூன்று வருஷமாக அதே ஆபீஸ் ஃப்ரெண்ட்.

இன்றோடு அந்தப் பொய்க்கு ஒரு முடிவு என்று ஏற்பாடு. தீபாவளிச் சாமான் வாங்க அம்மா தேக்காவுக்கு வருகிறார், அப்படியே இங்கே கூட்டிவந்து உன்னைக் காட்டிவிடுகிறேன் என்று அவன்தான் சொன்னான். புக்கிட் மேராவில் அரசாங்கம் கட்டப்போகும் பிடிஓ அடுக்குமாடி வீட்டுக்கு, கல்யாணம் செய்யப்போகும் ஜோடியாக விண்ணப்பிக்க நாளைதான் கடைசி நாள். அம்மாவிடம் சொல்லாமல் எப்படி என்று தயங்கியே போன தடவையும் கோட்டை விட்டாயிற்று. இந்தத் தடவையும் விட்டால் இனி அவனுக்காகக் காத்திருக்கத் தன்னால் முடியாது என்று இளமதிக்குத் தெரியும்.

அவள் மறுபடியும் வாசலைப் பார்த்தாள். அவள் கனவிலும் அந்தச் சந்திப்பு ரெண்டே பக்கம்தான். முதல் கட்டத்தில் விளக்கு வெளிச்சத்துக்குள்ளிருந்து அந்த அம்மா பூவும் கையுமாக வருகிறார். அடுத்த கட்டத்தில் இவள் எழுந்து நிற்கிறாள். அப்புறம் பெரிதாக ஒரு கட்டம், அதில் யாருக்கும் பேச்சே இல்லை. பக்கத்தைத் திருப்பினால் புது வீட்டின் பன்னிரண்டாம் மாடி ஜன்னல் ஒன்று, உள்ளே சாம்பிராணிப் புகை, கீழே சத்தமில்லாமல் போகிற ரயில்...

ஆதவனின் போன் அடித்தது.

"எங்கடா இருக்கே?" வசந்தகுமாரியின் குரல் மேசை தாண்டிக் கேட்டது. "நான் கேம்பல் லேன் முனையில, பூக்கடையில நிக்கிறேன்."

ஆதவன் இளமதியைப் பார்த்தான். 

"ஃப்ரெண்ட்ஸோட இருக்கேன்மா. நீங்க முடிச்சிட்டு டாக்ஸியில போயிடுங்க."

போனை வைத்துவிட்டு அவனே ஆரம்பித்தான். "அம்மா ரொம்ப டயர்டா இருக்காங்க லா. கூட்டம் வேற. தீபாவளி முடியட்டும், நிதானமா உட்கார்ந்து..."

"போன தடவை அக்கா பிரசவம் முடியட்டும்னே."

"அது நிஜமாவே..."

"அதுக்கு முன்னாடி புரமோஷன் வரட்டும்னே. சரி, விடு. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அனிமேயை இப்படி இழுத்துக்கிட்டே போனா நீ என்ன பண்ணுவே?"

இந்த விஷயத்தில் மட்டும் அவனுக்குத் தயக்கமே இல்லை.

"அவனுக்காகக் காத்துக்கிட்டு இருக்க எனக்கென்ன தலையெழுத்தா? நேரா மூலப் புத்தகத்துக்குப் போயிடுவேன்!"

இளமதி டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.  விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள்.

"ஏய், தே தாரிக் ஆறிப் போகுது!"

பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போகிறாளே, என்ன திமிர் என்று பக்கத்து மேசையில் நினைத்திருப்பார்கள். ஆதவனும் அப்படித்தான் நினைத்தான். கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள், ராத்திரி மெசேஜ் அனுப்பிச் சமாதானம் செய்யலாம் என்று கோப்பையை எடுத்தான்.

ஆனால் அவள் ரயில் நிலையத்துப் பக்கம் திரும்பவில்லை. கேம்பல் லேன் பக்கம் திரும்பினாள்.

"ஐயையோ!"

ஓடினான். அகல்விளக்கு வாங்குகிறவர்களையும், நின்று செல்ஃபி எடுக்கிறவர்களையும் இடித்துக்கொண்டு ஓடினான். பூக்கடைக்கு வந்து மூச்சிரைக்க நின்றபோது, வசந்தகுமாரி அந்த நீல டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இளமதியின் தலையில் மல்லிகைச் சரத்தை வைத்துவிட்டுக்கொண்டிருந்தார். இளமதி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கனவு கலைந்துவிடுமோ என்கிற மாதிரி ஆடாமல் நின்றாள்.

"அம்மா... இன்னைக்குத்தான்மா உங்ககிட்ட... சொல்லலாம்னு..."

வசந்தகுமாரி அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"முறுக்கு உனக்கு ஒழுங்கா வந்து சேருதாம்மா? வழியிலேயே பாதியைத் தின்னுடுவான்னுதான் டப்பா நிறைய அமுக்கி வைப்பேன்."

"வருது ஆன்ட்டி," என்றாள் இளமதி. 

"உங்களுக்கு... எப்படிம்மா..." என்று இழுத்தான் ஆதவன்.

அப்போதுதான் அம்மா அவனைப் பார்த்தார்.

"மூணு வருஷமா வெண்ணெய் போட்டுப் பிசைஞ்சு அனுப்புறேனே, உன் ஆபீஸுக்காடா அனுப்பினேன்? நீ எப்ப வாயைத் திறப்பேன்னு நானும்தான் பாத்துக்கிட்டே உட்கார்ந்திருக்கேன்!"