கொக்கு வராத வயல்

வயலில் மூட்டை மூட்டையாக உரத்தைக் கொட்டியபோது, தோல் எரிந்து வரப்புக்கு ஓடிவந்த மண்புழு அங்கேயே பிள்ளைகளைப் பெற்றது. இப்போது அதே வயலில் சாணியும் தழையும் மக்கி மணத்தன. ஆனாலும் இறங்கப் பயம்.

“நத்தைகூட வயலுக்குள்ள போயிருச்சும்மா. நாமதான் இங்க காயுறோம்,” என்றாள் மகள்.

“இருடி. அப்பல்லாம் ஏர் பின்னாலேயே கொக்கு வரும். எங்கம்மாவைத் தின்னதே அதுதான். அது வராத வயலை நான் நம்பமாட்டேன்.”

அன்று மாலை சேற்றில் வெள்ளையாக ஒன்று வந்து இறங்கியது.

“என்னக்கா, இன்னும் உயிரோடயா இருக்கே?” என்று அலகை நீட்டியது கொக்கு.

“வந்துட்டியாடா பாவி!” அம்மா சிரித்தபடி பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். “பிள்ளைகளா, வயலுக்குள்ள ஓடுங்க! ஆழமா ஓடுங்க!”